கரகரப்பு இல்லாத ஒரு காலை

அக்டோபர் 9, ஞாயிறு

நேற்றும் இன்றும் மழை. படகுத்துறையில் ஒரு பலகை உளுத்துப்போய் என் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அண்ணன் நிகனோர் தூக்கிவிடுவதற்கு முன்னால் நன்றாகச் சிரித்து முடித்தான். ஆனால் பலகையை மாற்றிவிட்டுத்தான் சாப்பிட வந்தான். சதுப்பு ஏரிக்கரை மேட்டில் நாங்கள் வேலை பார்க்கிற இந்த விடுதியில் ஓடுகிற, எரிகிற, சத்தம் போடுகிற எதுவானாலும் அவன் கைதான். படகு என்ஜின், ஜெனரேட்டர், வாக்கி-டாக்கி, முதலாளியின் பழைய ரேடியோகூட.

பெரிய படகின் என்ஜின் கொட்டகையில் பிரித்துக் கிடக்கிறது. மெர்செடெஸ் நகரத்திலிருந்து சாமான் வரவேண்டும். அதுவரை சின்னப் படகு ஒன்றே கதி.

அக்டோபர் 11, செவ்வாய்

டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். பெயர் இங்கெர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கேமரா இல்லை. பெட்டி நிறைய மைக்கும் வயரும். பறவைகளின் குரலைச் சேகரிக்கிறவராம். அவர் தேடி வந்திருப்பது புர்ரீத்தோ. குட்டிக் கழுதை என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் கைக்குள் அடங்குகிற பறவை, எலி மாதிரி புல்லுக்கடியில் ஓடும். வழிகாட்டியாக இத்தனை வருஷத்தில் நானே இரண்டொரு தடவைதான் கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லை.

அடுக்களையில் சொன்னேன். அண்ணி செனோபியா மாவு பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாக்க வரல, கேக்க வந்திருக்காங்களா? அதுக்கு ஏன் சேத்துல எறங்கணும்? உங்கண்ணன் குறட்டைய பதிவு பண்ணிட்டுப் போகச் சொல்லு. அவரு என்கிட்ட போடுற ஒரே சத்தம் அதுதான்."

வாசலில் நின்று குடுவையிலிருந்து மாத்தே டீ உறிஞ்சிக்கொண்டிருந்த அண்ணன் காதில் விழுந்ததுபோலவே காட்டிக்கொள்ளவில்லை. அவன் என்ஜினோடு பேசுகிற அளவு கூட அண்ணியோடு பேசுவதில்லை. இது விடுதியில் எல்லோருக்கும் பழகிப்போன வேடிக்கை.

அக்டோபர் 12, புதன்

நாளை விடியலில் கிளம்புகிறோம். காற்று விழுந்துவிட்டது. நல்லது.

அக்டோபர் 13, வியாழன்

எழுத முடியவில்லை. அண்ணியைப் பாம்பு கடித்துவிட்டது.

அக்டோபர் 14, வெள்ளி

நேற்றை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் எனக்கு நானே அதை மாற்றிச் சொல்லிக்கொண்டுவிடுவேன். இன்றைக்கே கொஞ்சம் மாற ஆரம்பித்துவிட்டது.

கிழக்கு வெளுக்கும்போது துறையை விட்டோம். ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கால்வாய் முகப்பில் கார்பிஞ்சோ என்கிற பெரிய நீர்எலிக் கூட்டம் குட்டிகளோடு, நனைந்த பன்றிகள் மாதிரி உட்கார்ந்து எங்களையே பார்த்தது. ஒன்றின் முதுகில் ஒரு மஞ்சள் குருவி ஏறி உண்ணி பொறுக்கியது. முதலைகள் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தன. இங்கெர் அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கரையிலிருந்து ஒரு சாஹா ஜோடி அலறியபோது மட்டும் திறந்து சிரித்தார். வேலிச் சண்டை போடுகிற இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள் மாதிரி ஒன்றையொன்று பேசவிடாமல் கத்துகிற பறவைகள் அவை. நாணலுக்குள் ஒரு கிடா மான் வயிறளவு தண்ணீரில் நின்று மென்றுகொண்டிருந்தது. படகு என்ஜினை அணைத்தேன். மான் மெல்லுகிற சத்தம் கேட்டது. அவர் என் தோளைத் தொட்டு, அதையும் பதிந்துகொண்டார்.

படகைக் கட்டிவிட்டு ஈரப் புல்வெளிக்குள் நடந்தோம். தாங்கி ஊன்றி மைக்கை வைத்து, அவர் காதில் மாட்டிக்கொண்டு, கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. முதலாளி எவரிஸ்தோ. மதியத்துக்கு மீன் போதுமா, கோழியும் அடிக்கணுமா என்று. மீன் போதும் என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கரகர. இந்தத் தடவை வெறும் இரைச்சல்.

இங்கெர் அம்மா உதட்டில் விரலை வைத்தார். அவருக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் கேட்டார்: "அது… கொஞ்சம் தூங்கட்டும்?"

அணைத்தேன்.

படகு எடுத்தவர் அதை அணைக்கக் கூடாது. விடுதியில் இருக்கிற ஒரே கண்டிப்பான விதி அது. எங்கள் மேட்டில் ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. ஏரியைத் தாண்டினால்தான் ஊர், ரோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி. எனக்குத் தெரியாததா? புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தானே.

பிறகு அது கூப்பிட்டது. தகரத்தில் சோளமணி கொட்டி, கொட்டியபடியே மெதுவாக நின்றுபோனதுபோல. எங்கள் காலுக்கு அருகில். மறுபடியும். வேறு ஒன்று பதில் சொன்னது. இங்கெர் அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்தால் சத்தம் வருமென்று துடைக்காமல் நின்றார். அப்போது புல் விலகி அதன் தலை தெரிந்தது, பழுப்புத் தலை, சிவந்த கண். என்னைப் பார்த்தது. இந்தச் சதுப்பில் நான் இருந்த காலைகளிலேயே நல்ல காலை அதுதான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அதுதான் தாங்கவில்லை.

பறவை போய்விட்டது. பதிவு முடிந்தது. மைக்கைச் சுருட்டினோம். அப்போது எனக்கு நினைப்பு வந்தது. வாக்கி-டாக்கியைப் போடணும். கை இடுப்புவரை போயிற்று. போட்டால் முதலாளி கூப்பிடுவார், கோழியா மீனா என்பார், எப்ப வரீங்க என்பார். இருக்கட்டும், இன்னும் கொஞ்சம், என்று கையை எடுத்துவிட்டேன்.

அணைத்தது அவர் கேட்டதால். திரும்பப் போடாதது நான்.

பிறகு ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து, அண்ணி கட்டிக்கொடுத்த சீப்பா ரொட்டியைத் தின்றோம். வேலிக் கம்பத்தில் ஒரு யெதாபாக் குருவி வந்து உட்கார்ந்து, அந்த நீளக் கறுப்பு வாலை உதறி உதறிக் காட்டியது. நாங்கள் அவசரப்படவில்லை. மெல்லத் திரும்பினோம்.

துறையில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கத்தினார்.

"எங்கடீ போய்த் தொலைஞ்சே? தொண்டை கிழிய கூப்பிட்டோமே!"

வெயில் ஏறத் தொடங்கினபோது அண்ணி விறகு எடுக்கப் போயிருக்கிறாள். விறகடுக்குக்குள் யராரா விரியன். வலது கை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள். படகு என்னிடம். கடைசியில் அண்ணன் அவளைத் தூக்கிப் பழைய தோணியில் படுக்கவைத்து, கழி ஊன்றியே ஏரியைக் கடந்திருக்கிறான். அதற்குள் எதிர்க்காற்று வேறு.

எப்போது என்று கணக்குப் பார்த்தேன். பறவை போன பிறகுதான். நாங்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்த நேரம்.

"ஒண்ணுமே கேக்கலையே முதலாளி," என்றேன்.

பொய் இல்லை. ஒன்றும் கேட்கவில்லைதான்.

"பேட்டரியா?" என்றார். நான் தலையை ஆட்டினேனா? ஆட்டினேன். இங்கெர் அம்மா எங்கள் பேச்சு புரியாமல் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அக்டோபர் 15, சனி

இங்கெர் அம்மா போய்விட்டார். அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது. என் கையைப் பிடித்து, "நீங்க ரொம்ப நல்ல வழிகாட்டி," என்றார். கையை இழுத்துக்கொண்டு அவர் பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தேன்.

அக்டோபர் 19, புதன்

மெர்செடெஸ் ஆஸ்பத்திரி. அண்ணியின் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. மருந்து வேலை செய்தது. இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் விரல் பிழைத்திருக்குமா என்று அண்ணன் கேட்டான். டாக்டர் இளம்பெண். "சொல்ல முடியாதுங்க," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிழைச்சிருக்கலாம்," என்றாள். ஏன் சொன்னாள்?

வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ராத்திரி நான்தான் சார்ஜுல போட்டேன் தெல்மி. காலையில எடுத்துக் குடுக்கும்போது பச்ச லைட்டு எரிஞ்சுது. பாத்தேன். … பாத்தேனா? இப்ப சந்தேகமா இருக்கு. எரியாமலே பழக்கத்துல எடுத்துக் குடுத்துட்டேனோ?"

சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோள் ஒட்டியிருந்தது. நான் சொன்னது, "சாப்பிட்டியா அண்ணா?"

சீ.

அக்டோபர் 24, திங்கள்

முதலாளி எல்லோர் முன்னாலும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பேட்டரிய ஒழுங்கா பாத்துக்கத் தெரியல. நாளைக்கு ஒரு விருந்தாளி செத்துப்போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?" படகுச் சாவியை வாங்கிக்கொண்டார். ஊரிலிருந்து வேறு மெக்கானிக் வரப்போகிறானாம். அண்ணனுக்கு வேலிக் கம்பம் நடுகிற வேலை.

அண்ணன் தலையைக் குனிந்து, "சரிதான் முதலாளி," என்றான். சரிதானாம்!

நான் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 25, செவ்வாய்

அண்ணன் அந்த வாக்கி-டாக்கியைத் துண்டு துண்டாகப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருக்கிறான். கெட்டுப்போனது எது என்று தேடுகிறான். எதுவும் கெட்டுப்போகவில்லை. எனக்குத் தெரியும்.

நவம்பர் 2, புதன்

அண்ணி வந்துவிட்டாள். கைக்கட்டோடு படகிலிருந்து இறங்கியதுமே விறகடுக்கைப் பார்த்து, "இன்னும் அப்படியேதான் போட்டு வெச்சிருக்கீங்களா, சோம்பேறிங்களா," என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவளைப் பார்த்து அழாமலிருக்க அதுதான் வழி.

சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். பின்புறம் ஒரு நாற்காலியில் அண்ணி தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருக்க, அண்ணன் குவளையால் வெந்நீர் ஊற்றி அவள் முடியைக் கழுவிக்கொண்டிருந்தான். அந்தக் கிரீஸ் ஏறிய கை. ஒவ்வொரு சிக்காக எடுத்தான். என்னவோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசிக்கொண்டிருந்தான்!

சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 6, ஞாயிறு

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் வேலிப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், இடது கையால், ஒவ்வொன்றாக. உதவப் போனவள் ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பறவை, அணைத்தது, நினைப்பு வந்தும் போடாதது, அவள் செய்த ரொட்டி. எல்லாம்.

அவள் கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள்.

"ருசியா இருந்துச்சா ரொட்டி?"

"அண்ணி…"

"கேக்குறேன், சொல்லு."

"இருந்துச்சு."

"ம்." இன்னொரு துணியை எடுத்து உதறினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத."

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணமான புதுசுல கூட அந்த மனுஷன் என் தலையத் தொட்டதில்ல. இப்ப தெனம் வெந்நி வெக்கிறாரு. ராத்திரி முழிச்சா, வலிக்குதான்னு கேக்குறாரு. தன்னால போச்சுன்னு நெனச்சுட்டுத்தான் செய்யுறாரு, தெரியும். எதனாலயோ செய்யட்டும். ரெண்டு வெரலக் குடுத்திருக்கேன் தெல்மி. அதுக்குப் பதிலா வந்தத என்கிட்டேருந்து புடுங்காத."

சரி என்றேன்.

என்ன அசிங்கம் என்றால், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. சொல்லாமலிருக்க அனுமதி கிடைத்துவிட்டது. அதுவும் கடிபட்டவளே கொடுத்த அனுமதி. பாட்டுகூட முணுமுணுத்தேன் திரும்பி வரும்போது. என்னை என்ன செய்யலாம்?

நவம்பர் 9, புதன்

விருந்தாளிகளோடு கால்வாய்க்குப் போனேன். ஜபீரு கொக்கின் கூட்டில் குஞ்சுகள் எழுந்து நிற்கின்றன. எல்லோரும் கைதட்டாத குறை. நான் வாக்கி-டாக்கியைக் கையிலேயே பிடித்திருந்தேன். ஒரு பெண் கேட்டாள், "ஏதாவது அவசரமா?" என்று.

நவம்பர் 17, வியாழன்

புது மெக்கானிக் வரவில்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டதாம். பெரிய படகுக்குச் சாமான் வந்துவிட்டது, பூட்ட ஆளில்லை. முதலாளி இறங்கி வந்து வேலியோரம் நின்று, "நிகனோர், நீயே பூட்டிடேன்ப்பா," என்றார். கோபமெல்லாம் போய்விட்டது அவருக்கு.

அண்ணன் மண்வெட்டியை விடவில்லை.

"வேணாம் முதலாளி. என் கைய நம்பாதீங்க."

எட்டு வயதில் அப்பாவின் பம்புசெட்டைப் பிரித்து மறுபடி ஓடவைத்தவன். கையை நம்பாதீங்க என்கிறான்.

ஒரு பண்ணையில் மாடு பார்க்கிற வேலை இருக்கிறதாம், போய்விடலாமா என்று பார்க்கிறானாம். மாட்டுக்குப் பேட்டரி இல்லை என்றானாம் முதலாளியிடம். சிரிக்காமல்.

நவம்பர் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அண்ணியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள், நானும் சரி என்பேன், அது எனக்குச் சுலபம். அதனால் கேட்கவில்லை. இதில் நியாயம் எவ்வளவு, என் பாரத்தை இறக்குகிற ஆசை எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவன் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அன்னிக்கு பேட்டரி தீந்துபோகல. நான்தான் அணைச்சு வெச்சிருந்தேன்."

தோண்டிக்கொண்டே இருந்தான். காதில் விழவில்லையோ என்று மறுபடி சொன்னேன்.

"அந்தம்மா அணைக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஆனா பறவை போனப்புறம் போட்டிருக்கலாம். நெனப்பு வந்துச்சு. போடல."

"நெனப்பு வந்துச்சு," என்று திருப்பிச் சொன்னான். மண்வெட்டியை வைத்தான். "அப்ப லைட்டு எரிஞ்சுதான் இருந்துச்சு."

"எரிஞ்சுது அண்ணா. பச்சையா எரிஞ்சுது."

குழியோரம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கண்ண மூடினா அந்த லைட்டுதான் தெல்மி. எரியுதா எரியலையா, எரியுதா எரியலையா… நீ பக்கத்துலதானே இருந்தே. ஆஸ்பத்திரியில. சாப்பிட்டியான்னு கேட்டியே."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போ. இப்ப என் முன்னால நிக்காத."

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய் அவரிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி நீ படகு எடுக்க வேணாம்," என்றார். அடுக்களையில் ஆள் வேண்டும், செனோபியாவால் பிசைய முடியாது, அங்கே போ என்றார். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகவும் சொன்னார். போனார். அண்ணன் அங்கே இல்லை. குதிரையைக் காணோம்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டேன் உங்கிட்ட."

"அவன் மாடு மேய்க்கப் போறேன்னான் அண்ணி. கைய நம்பாதீங்கன்னான்."

"தெரியும். நான் பேசி நிறுத்தியிருப்பேன்." கண் சிவந்திருந்தது. "உன் பாரத்த எறக்கி வெச்சுட்டே. யார் தலையில எறக்குனேன்னு பாத்தியா?"



நவம்பர் 21, திங்கள்

அண்ணன் வரவில்லை. குதிரையிலேயே சதுப்பைச் சுற்றி ஒரு நாள் வழி போய் ஊரில் இருக்கிறானாம், யாரோ பார்த்தார்களாம். அண்ணி தலையைத் துணியால் கட்டிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். "நான் கழுவி விடட்டுமா?" என்றேன். "உன் வேலையப் பாரு," என்றாள்.

நவம்பர் 23, புதன்

காலையில் குதிரைச் சத்தம். அண்ணன் கொட்டகைக்குப் போய் நாளெல்லாம் வெளியே வரவில்லை. பிற்பகலில் பெரிய படகின் என்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. முதலாளி சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் அடுக்களை ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம் அண்ணன் வீட்டுக் கொல்லையில் புகை தெரிந்தது. அடுப்பில் வெந்நீர். அவன் நாற்காலியைத் தூக்கி வந்து வெளியே போட்டான். அண்ணி உடனே வரவில்லை. வந்து நின்று அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. இன்று பேசியதெல்லாம் அண்ணிதான். காற்று அவள் குரலை இங்கேவரை கொண்டுவந்தது. "கண்ணுல சோப்பு போவுது மனுஷா! இது என்ன என்ஜினா, இப்படித் தேய்க்கிறீங்க?"

அவன் கை நின்றது. பிறகு மெதுவாகத் தேய்த்தது.

நவம்பர் 27, ஞாயிறு

ஒரே குடுவையில் எல்லோரும் மாறி மாறிக் குடிக்கிற மாத்தே சுற்று வந்தது. அண்ணன் ஊற்றி ஊற்றிக் கொடுத்தான். முதலாளி, குதிரைக்காரர், அண்ணி. என் முறை வந்தபோது குடுவையை எனக்கு அடுத்த ஆளுக்கு நீட்டினான்.  நான் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துகொண்டேன். சரிதான்.

டிசம்பர் 4, ஞாயிறு

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பிசைகிறேன். "அதுக்கு மேல தண்ணி ஊத்தாத. இது மாவா, சேறா? சதுப்புலயே கெடந்து கெடந்து உனக்கு எல்லாம் சேறாத்தான் தெரியுது." முட்டையை அவளே இடது கையால் உடைத்தாள். ஓடு உள்ளே விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து ஓடு பொறுக்கினோம். அவள் தலையிலிருந்து சோப்பு வாசனை வந்தது.

வெளியே ஏதோ பறவை கூப்பிட்டது. பெயர் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

முதல் ஈடு அடுப்பிலிருந்து வந்தது. ஓரம் கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கூடையில் போட்டு மேசையில் வைத்தேன். படகிலிருந்து வந்த அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே நின்றபடி ஒன்றை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டான். அண்ணி ஊர்ச் சந்தைக்கு என்ன வாங்கணும் என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மென்று விழுங்கினான். இன்னொரு துண்டு பிய்த்தான். அண்ணியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"உப்பு கம்மி," என்றான்.

நான் உப்பு எடுக்கப் போனேன்.